நடராசா அண்ணை ஏன் கோப்பி போடவில்லை

டென்மார்க்கில், டோஸ்ட்ருப்பில் ஒரு கலியாண வீடு. பந்தியில் எனக்கு எதிரே இருந்த பிள்ளை வைத்தியசாலை ஒன்றில் தாதி. கோடை விடுமுறை முடிந்ததும் பொதுச் சுகாதாரக் கொள்கையில் மேற்படிப்புப் படிக்கப் போகிறாளாம். என்னைப் பற்றி வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“அன்ரி, குறை நினையாதேங்கோ. நோயாளியளைத் தொட்டுச் செய்த வேலையை விட்டிட்டு நீங்கள் பேப்பர் வேலைக்குப் போனீங்கள் எண்டு அம்மா சொன்னவ. பிறகு கவலைப்படேல்லையோ?”

என் வாயில் வடை. பின்னால் மேளம். கத்திச் சொன்னாலும் அவளுக்குக் கேட்டிராது. “ஆறுதலா எழுதி அனுப்புறன் பிள்ளை” என்றேன். அதுதான் இது. இதில் தற்பெருமை இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் பெருமை பேசக் கூடாதென்றால் ஒரு மனுஷி எப்போதுதான் பேசுவது?

என் தொழிலை எங்கள் ஆட்களுக்கு விளக்குவதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. நான் எர்கோதெரப்பிஸ்ட். விபத்தோ, ஒரு பக்கம் இழுக்கிற பாரிசவாதமோ வந்து படுத்தவர்களுக்கு உடுப்புப் போடுவது, சாப்பிடுவது, குளிப்பது என்று அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குகிறவள். அகதியாக வந்து ஸ்கீவவில் டேனிஷ் படித்தேன். முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்தேன், கலியாணம் கட்டினேன், பிள்ளைகள் பெற்றேன், அதற்கிடையில் இந்தப் படிப்பையும் முடித்தேன். பிறகு நெடுங்காலம் சில்க்போர்க் பக்கம் வேலை. ஒரு வரியில் எழுதிவிட்டேன். அது ஓடி முடிந்த பாடு எனக்கும் என் முழங்காலுக்கும்தான் தெரியும்.

தலை நரைக்கத் தொடங்கிய வயதில், பொதுச் சுகாதாரக் கொள்கையில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்தேன். “இந்த வயசிலை உமக்கு என்ன குறை?” என்று என் கணவர் கேட்டார். குறை ஒன்றுமில்லை, கோபம்தான் என்றேன். நாள் முழுக்க ஒரு நோயாளியோடு மல்லுக்கட்டி அவர் கையைத் தூக்க வைப்பேன். யாரோ எங்கோ இருந்து எழுதிய ஒரு விதி வந்து அவருடைய பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிடும். அந்த விதியை எழுதுகிற மேசை எங்கே இருக்கிறது என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

இடம் கிடைத்தது. எங்கள் ஆய்வுக் குழுவில் நான்கு பேர். ஹென்றிக் பல் வைத்தியர். லீனா மருத்துவிச்சி. கரீம் பாரிசவாத வார்டில் வேலை செய்த வைத்தியர். ஈராக்கியத் தாய் தகப்பனுக்கு ஓகூஸில் பிறந்தவன், எங்களில் இளையவன், எதையும் எண்ணால் நிரூபி என்பான். நாலாவது நான். தொடக்கத்தில் ஆளுக்கொரு உறுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஹென்றிக்குக்குக் கொள்கை என்றால் வாய். லீனாவுக்குப் பிரசவ அறை. எனக்குக் கை.

எங்களைப் பிடித்துக் கட்டியவர் பேராசிரியர் இங்கர். இங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அந்தக் கூச்சம் எனக்குத் தெளிய ஒரு குளிர்காலம் எடுத்தது. மேற்குப் பக்கத்து யூட்லாந்தில் பிறந்த மெலிந்த பெண்மணி. கூட்டம் தொடங்கியதும் பையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயையும் சின்னக் கத்தியையும் எடுப்பார். நாங்கள் பேசப் பேச வெள்ளரிக்காயை மெல்லிய வட்டங்களாக வெட்டித் தன் கறுப்புப் பாணில் அடுக்குவார். கத்தி ஓடிக்கொண்டிருந்தால் தப்பினோம். கத்தி நின்றால் யாருக்கோ கண்டம்.

முதல் மாதமே ஹென்றிக்குக்குக் கத்தி நின்றது. “முதியோரின் வாய்ச் சுகாதாரம் முழுமையாக உறுதிசெய்யப்பட வேண்டும்” என்று அழகாக எழுதிக்கொண்டு வந்து வாசித்தான்.

“நல்லது” என்றார் இங்கர். “திங்கட்கிழமை காலையில் யாருடைய கை யாருடைய வாய்க்குள் போகும்?”

ஹென்றிக் தாளை மடித்து வைத்தான். அந்தக் கேள்விதான் அவருடைய பாடம் முழுவதும். எந்த விதியை எடுத்தாலும், திங்கட்கிழமை காலையில் அதை யார், யாருக்கு, எதை வைத்துச் செய்வார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, நடத்தியும் காட்ட வேண்டும். ஒருவர் விதியை வாசிப்பார், ஒருவர் நோயாளி, ஒருவர் ஊழியர். கதிரைகள் கட்டிலாகும், மேசை குசினியாகும். படித்த பெரிய மனிதர்கள் சின்னப்பிள்ளைகள் மண்சோறு ஆக்குவது போல விளையாடுகிறார்கள் என்று முதலில் எனக்குச் சிரிப்பு. ஆனால் கடுதாசியில் வழுக்கிக்கொண்டு போகிற விதி, நடத்திப் பார்த்தால் மூன்றாவது அடியிலேயே முட்டுப்பட்டு நிற்கும்.

இங்கர் புகழ மாட்டார். மிக நல்லதாக ஏதாவது செய்தால், “அவ்வளவு மோசமில்லை” என்பார். யூட்லாந்துக்காரர் வாயில் அதற்கு மேல் வார்த்தை கிடையாது. ஹென்றிக் கோப்பன்ஹேகன்காரன், மனம் உடைந்து போவான். எனக்கு அது பெரிய விஷயமாக இல்லை. எங்கள் ஊரில் முதலாம் பிள்ளையாக வந்தாலும் ‘பிழையில்லை’ என்றுதானே சொல்வார்கள். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

என் ஆய்வு, பாரிசவாதம் வந்தவர்களை வீட்டுக்கு அனுப்புவதா முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதா என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பது. அந்தத் தீர்மானத்தை எடுப்பது கொம்மூன, அதாவது உள்ளூராட்சி. நான் கூட்டங்களில் ஒரு மூலையில் இருந்து பார்ப்பேன், எழுதுவேன். வாய் திறக்கக் கூடாது. வாய் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று, பிள்ளை, கலியாண வீட்டில் உன் அம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பா.

அங்கேதான் நடராசா அண்ணை வந்து சேர்ந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன், ஊரையும் சொல்ல மாட்டேன். தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பாரிசவாதத்தில் வலக்கை சோர்ந்துவிட்டது, பேச்சும் குறைந்துவிட்டது. ஆனால் நடப்பார். மறுவாழ்வு நிலையத்தில் அவருக்குக் குசினிப் பரிசோதனை வைத்தார்கள். நாடு முழுக்கப் பலரும் செய்கிற சாதாரணப் பரிசோதனைதான். நானே எத்தனையோ பேருக்கு வைத்திருக்கிறேன். மேசையில் கோப்பி இயந்திரம், வடிதாள், தூள், கரண்டி, கோப்பை. “உங்களுக்கு ஒரு கோப்பி போடுங்கள்.” மூளை ஒரு வேலையைத் தொடங்குகிறதா, ஒழுங்காகக் கொண்டுபோகிறதா, பிழை வந்தால் திருத்துகிறதா, முடிந்ததும் நிறுத்துகிறதா என்று பார்ப்பதற்கு அது போதும்.

அண்ணை இயந்திரத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். சோர்ந்த கையை மற்றக் கையால் பிடித்துப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு போய்க் கதிரையில் இருந்து, யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்பது போல மேசையைப் பார்த்தார்.

கூட்டத்தில் இதை வாசித்தார்கள். பொருட்களை அடையாளம் காணவில்லை. வேலையைத் தொடங்கவில்லை. முன்பு வீட்டில் என்ன செய்வார் என்று மகளிடம் விசாரித்தார்களாம். சமையலறை வேலை தினமும் செய்கிறவர் என்று மகள் சொன்னாளாம். அப்படியானால் பெரிய இழப்பு. மறதி நோயும் சேர்ந்திருக்கலாம். வீட்டில் இருப்பது முழங்கால் ஏலாத மனைவி. ஆகவே பயிற்சியை நிறுத்தி, முதியோர் இல்லத்தில் இடம். அடுத்த கூட்டத்தில் உறுதியாகும்.

அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களிடம் இருந்த தகவலுக்கு அது சரியான முடிவு. ஆனால் ஒன்று எனக்கு இடித்தது. அந்தத் தலைமுறை யாழ்ப்பாணத்து மனிதர், குசினி வேலை, அதுவும் தினமும்?

வெளியே நடையில் அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்கா இருந்தா. சுகம் விசாரித்தேன். “இயந்திரத்துக்கு முன்னாலை விட்டவையாம், சும்மா நிண்டவராம்” என்று தானாகவே சொன்னா. “அவர் எப்ப பிள்ளை குசினிக்கை வந்தவர்? தண்ணி எண்டாலும் நான்தான் வாத்துக் குடுக்கிறது. கோப்பி அவர் குடிக்கிறதேயில்லை. இதை ஆருக்கு நான் டேனிஷிலை சொல்லுறது?” சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அங்கை கொண்டுபோய் விட்டால் அந்த மனுசன் கதைக்க ஆளில்லாமலே செத்துப்போம்” என்றா.

அடுத்த நாள் இங்கரிடம் போனேன். பார்வையாளர் தலையிடக் கூடாது என்ற விதியை எனக்குப் படிப்பித்தவரே அவர்தான். நான் சொல்லி முடிக்கும் முன்பே கத்தி நின்றது.

“இது உன் ஆய்வில் எத்தனையாவது ஆள்?”

“எத்தனையாவதாக இருந்தாலும், எனக்குக் கிடைத்ததில் இதுதான் மிகச் சிறந்த உதாரணம்.”

“அவரை ஆய்விலிருந்து எடுத்துவிடு” என்றார். “எல்லாக் குறிப்பையும். ஆராய்ச்சி காத்திருக்கும், அந்த மனிதரால் முடியாது. பிறகு, எர்கோதெரப்பிஸ்ட் என்ற உன் அனுமதி இன்னும் செல்லுபடியாகிறது இல்லையா? அதை எடுத்துக்கொண்டு போய்ப் பேசு.”

எனக்கு மனமில்லை என்பதை மறைக்கவில்லை. அந்த ஒரு மனிதரை வைத்து ஒரு முழு அத்தியாயம் எழுதலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அன்று மாலையே அழித்தேன்.

ஆனால் நான் பேசினால் மட்டும் போதாது. “சமைப்பார்” என்று சொன்னது சொந்த மகள். அவள் சொன்னதை அவள்தான் மாற்ற வேண்டும். சுதா ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறவள், இங்கேயே பிறந்தவள். நிலையத்தின் கார் தரிப்பிடத்தில் அவளைப் பிடித்தேன். நான் தமிழில் கேட்டேன், அவள் டேனிஷில் பதில் சொன்னாள்.

“சுதா, அப்பா வீட்டிலை சமைக்கிறவரோ?”

“நிலையத்துத் தாதி கேட்ட விதம் அப்படி” என்றாள். “உன் அப்பா வீட்டில் எதுவுமே செய்வதில்லையா என்பது போல. என்னோடு வேலை செய்கிறவர்களின் அப்பாமார் கேக் சுடுகிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?”

“உண்மையைச் சொல்லியிருக்கலாம்.”

காரின் சாவியைப் பைக்குள் போட்டாள். அதன் பிறகு வந்தது தமிழ். “சிரிப்பினம் அன்ரி. அம்மாவை வேலைக்காரி மாதிரி வைச்சிருக்கிறார் எண்டு நினைப்பினம். அப்பா அப்பிடி ஆள் இல்லை. பனிக்கை சைக்கிள் மிதிச்சு ஷிப்ட் வேலை செய்து என்னைப் படிப்பிச்சவர். அவரைப் பார்த்து ஆரும் சிரிக்கக் கூடாது.”

அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தாள். அந்த நல்ல பெயர் அவரை வீட்டை விட்டுத் துரத்தப் பார்த்தது. இப்படியொரு பிழையை விட எங்கள் பிள்ளைகளால்தான் முடியும். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. “சிரிச்சால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், நான் பக்கத்திலை நிக்கிறன்” என்றேன்.

நின்றேன். நிலையத்துத் தெரப்பிஸ்ட் அன்னாவிடம் சுதா எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அன்னா நெற்றியில் கைவைத்துக்கொண்டு, “அப்படியானால் நாங்கள் எதைப் பரிசோதித்தோம்?” என்றாள். நல்ல கெட்டிக்காரி. அடுத்து அவள் கேட்டதுதான் சரியான கேள்வி: “காலையில் அவர் கை என்ன செய்யும்?”

பரமேஸ்வரி அக்கா யோசிக்கவே இல்லை. “குளிச்சிட்டுச் சாமிக்கு விளக்கு வைப்பார். அதிலை மட்டும் என்னைக் கைவைக்க விடார்.”

குத்துவிளக்கு, பஞ்சு, எண்ணெய், நெருப்புப்பெட்டி எல்லாம் வந்து சேர்ந்தன. ஆனால் கட்டடத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது. எச்சரிக்கை மணி ஊரைக் கூட்டும். ஆகவே மேசையை வெளியே தாழ்வாரத்துக்கு நகர்த்தினோம். யூட்லாந்துக் காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணை மேசைக்கு முன்னால் வந்து நின்றார். இந்த முறை கை பின்னால் போகவில்லை. யாரும் எதுவும் சொல்ல முன்பு செருப்பைக் கழற்றினார். பஞ்சை எடுத்துத் துடையில் வைத்து இடக்கையால் உருட்டித் திரியாக்கினார். எண்ணெய் வார்த்தார், கொஞ்சம் சிந்தியது, பஞ்சால் துடைத்தார். நெருப்புப்பெட்டியை இடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு குச்சியை உரசினார். காற்று அணைத்தது. இன்னொன்று, அதுவும் அணைந்தது. கொஞ்சம் யோசித்தார். சுற்றி வந்து காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். மறுபடி உரசினார். சுடர் தடுமாறியபோது, இத்தனை கிழமையாக எத்தனை பேர் கெஞ்சியும் அசையாத அந்த வலக்கை மெல்ல எழுந்து வந்து சுடரைப் பொத்திப் பிடித்தது.

அன்னாவின் பேனா கீழே விழுந்துவிட்டது. “கையைப் பார்த்தாயா? கையைப் பார்த்தாயா?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். விளக்கு எரிந்தது. அண்ணை கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் சந்தோஷத்தில் அழுதேன். சுதாவும் அழுதாள். அக்கா மட்டும் அழவில்லை. “எண்ணெயைச் சிந்திப்போட்டார்” என்றா.

அடுத்த கூட்டம் முடிவை மாற்றியது, அண்ணை வீட்டுக்குப் போனார். பயிற்சியும் தொடர்ந்தது. ஆனால் இங்கரின் கத்தி என்னை விடவில்லை. “ஒரு மனிதர் போனார். அடுத்தவருக்குத் திங்கட்கிழமை காலையில் யார் இதைக் கேட்பார்கள்?”

அந்த மனிதரின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, கேள்வியைக் குழுவின் முன் வைத்தேன்: செய்ய மறந்த ஒருவரையும் ஒருநாளும் செய்யாத ஒருவரையும் விதி எப்படிப் பிரித்து அறியும்? அந்தக் கூட்டத்தில்தான் நாலு தொழில் ஒரு தொழிலாகியது.

“வாயில் இடைவெளி இருந்தால் பல் விழுந்ததா, முளைக்கவே இல்லையா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்” என்றான் ஹென்றிக். “பார்வைக்கு இரண்டும் ஒன்று. வைத்தியம் வேறு.”

லீனா மேசையில் தட்டினாள். “தலைப்பிள்ளைக்காரிக்குப் பிரசவம் தெரியாவிட்டால், மறந்துவிட்டாள் என்று யாராவது எழுதுவோமா?”

கரீம்தான் விடவில்லை. ஆளுக்கொரு பரிசோதனை வைத்தால் எதை எதோடு ஒப்பிடுவது, நாளைக்கு ஒருவருக்கு இலகு, ஒருவருக்குக் கடினம், அதுவும் அநியாயம்தானே என்று வாரக்கணக்காகச் சண்டை பிடித்தான். அவனுடைய சண்டைதான் எங்களைக் காப்பாற்றியது. கடைசியில் அவனே ஒரு காலை வந்து, “தொடங்குவது, ஒழுங்கு, திருத்துவது, நிறுத்துவது. இந்த நாலையும் எந்த வேலையிலும் பார்க்கலாம். அளவுகோல் ஒன்றே இருக்கட்டும், துணி அவரவருடையதாக இருக்கட்டும்” என்றான். கத்தி ஓடிக்கொண்டே இருந்தது.

நான் விட்ட உதாரணத்துக்குப் பதிலாக வேறு ஆட்களைத் தேடிப் போனால், கொம்மூன கொம்மூனவாக ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் எங்களவர் என்று நினைக்காதே. பன்றிப் பண்ணை வைத்திருந்த டேனிஷ் கிழவர் ஒருவர். காலம் முழுக்கக் கப்பலில் இருந்த இன்னொருவர். கோப்பி என்பது தானாகவே மேசைக்கு வரும் பொருள் என்று வாழ்ந்தவர்கள்.

நாடு முழுக்க இந்தப் பரிசோதனைகளுக்கு விதி சொல்கிற வழிகாட்டியைத் திருத்துகிற குழுவின் முன் போகிற நாள் வந்தது. நான் வருடக்கணக்காகத் தேடிய அந்த மேசை அதுதான். சாதாரண வெள்ளை மேசை, ஒரு பக்கம் கோப்பிக் கறை. எங்கள் வரைபடங்களை எடுக்க முன்பு, நான் வீட்டிலிருந்து கொண்டுபோன இடியப்ப உரலையும் தட்டுகளையும் அரிசிமாவையும் அந்த மேசையில் வைத்தேன். இங்கரிடம் முதலே கேட்டுத்தான் செய்தேன்.

“தயவுசெய்து உங்களுக்குக் காலைச் சாப்பாடு செய்யுங்கள்” என்றேன், பரிசோதனையில் கேட்கிற அதே குரலில்.

பெரிய பதவியில் இருந்த ஆறேழு பேர் அதைப் பார்த்தார்கள். ஒருவர் உரலைத் தூக்கி அதன் ஓட்டைகள் வழியே பார்த்தார். ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அதே நிலை, அதே பார்வை. கரீம் எழுந்து, “பொருட்களை அடையாளம் காணவில்லை. வேலையைத் தொடங்கவில்லை. இவருக்கு எந்த இல்லத்தில் இடம் இருக்கிறது?” என்று முகம் மாறாமல் வாசித்தான்.

 பிறகு தலைவியாக இருந்த அம்மாள்தான் முதலில் சிரித்தா. சிரித்து முடிய, “என் அப்பாவும் சாகும்வரை ஒரு கோப்பி போட்டதில்லை” என்றா. அதற்குப் பிறகு எங்கள் வரைபடங்களை ஒவ்வொன்றாக வாங்கி வாசித்தார்கள். குடைந்து குடைந்து கேட்டார்கள், நாலு பேரும் மாறி மாறிப் பதில் சொன்னோம். திங்கட்கிழமை காலையில் யார் செய்வார் என்ற கேள்வி வந்தபோது எங்களிடம் பதில் தயாராக இருந்தது: அன்னா செய்வாள், அன்னாவைப் போன்ற ஒவ்வொருத்தியும் செய்வாள். முதலில் நோயாளியிடமும் கூட வாழ்கிறவரிடமும், தேவையென்றால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, காலையில் இந்தக் கை என்ன செய்யும் என்று கேட்பாள். பிறகுதான் பரிசோதனை.

அது விதியாக வந்த செய்தியை இங்கர்தான் தொலைபேசியில் சொன்னார்.  “அவ்வளவு மோசமில்லை” என்றார். நான் போனை வைத்துவிட்டுக் குசினியில் துள்ளினேன். முழங்கால் வலித்தது, பரவாயில்லை.

ஆகவே பிள்ளை, நீ கேட்டதற்குப் பதில்: கவலைப்படவில்லை. ஒரு கையைத் தூக்க வைக்கிற சந்தோஷம் எனக்குத் தெரியும். நான் ஒருநாளும் காணப்போகாத கைகளெல்லாம் எழும்புகின்றன என்று நினைக்கிற சந்தோஷமும் தெரியும். இரண்டையும் அனுபவித்தவள் நான்.

இங்கர் போன் எடுத்த அன்று பின்னேரமே காரை எடுத்துக்கொண்டு நடராசா அண்ணை வீட்டுக்குப் போனேன். சுதாவும் வந்திருந்தாள். விதி மாறிய கதையை நான் விளக்கி முடிக்கும் முன்பு அண்ணை எழுந்து குசினிக்குள் போனார். அக்காவும் எழும்பப் பார்த்தா. “இரு” என்றார் அண்ணை. சொற்கள் குறைவு, ஆனால் தெளிவு.

சுதா என் காதில் குசுகுசுத்தாள். “பயிற்சிக்கு நீங்களே ஒரு குறிக்கோள் சொல்லுங்கோ எண்டு அன்னா கேட்டவ அன்ரி. மனுசிக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுக்கோணும் எண்டு சொன்னவர். மூண்டு மாதமா அன்னாவோடை பழகினவர். அம்மாவுக்குத் தெரியாது.”

உள்ளே கேத்தல் கொதித்தது. கரண்டி கோப்பையில் தட்டுப்பட்டது. அண்ணை இடக்கையில் கோப்பையும் அதன் அடியைத் தாங்கிய வலக்கையுமாக, ஒவ்வொரு அடியாக வந்து அக்காவின் முன்னால் வைத்தார். பக்கத்தில் நின்றார்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து கணவர் கையால் ஒரு தேத்தண்ணி குடித்தறியாத அந்த மனுஷி கோப்பையை எடுத்து ஊதினா. ஒரு மிடறு குடித்தா. நாங்கள் மூன்று பேரும் அவவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பிழையில்லை” என்றா பரமேஸ்வரி அக்கா.